முப்பது நாட்டுப் படைக்கு ஒரே கடிகாரம்

1991 ஜனவரி 17, அதிகாலை. சவூதி அரேபியாவிலிருந்து எல்லை தாண்டி, ஈராக்கின் மேற்குப் பாலைவனத்துக்குள் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் விளக்கணைத்துத் தாழப் பறக்கின்றன. முன்னே வழிகாட்டிச் செல்பவை விமானப்படையின் ‘பேவ் லோ’க்கள். பின்தொடர்பவை தரைப்படையின் ‘அப்பாச்சி’கள். இரண்டு ரேடார் நிலையங்களை ஒரே நொடியில் தகர்க்க வேண்டும். ஒன்று தப்பினாலும் அது பாக்தாதை எழுப்பிவிடும்.

அப்பாச்சியிடம் ஏவுகணை இருந்தது. ஆனால், தான் நிற்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லும் கருவி இல்லை. அதிலிருந்த டாப்ளர் கருவி தரையில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையைக் கொண்டு வேகத்தை அளக்கும். வேகத்தை நேரத்தால் பெருக்கி இடத்தைக் கணக்கிடும். தூரம் கூடக்கூடப் பிழையும் கூடும். மரமோ சாலையோ இல்லாத மணல்வெளியில் அந்தப் பிழையைத் திருத்த எந்த அடையாளமும் கிடையாது. பேவ் லோவிடம் ஜி.பி.எஸ். இருந்தது, ரேடாரைத் தகர்க்கும் ஏவுகணை இல்லை. ஒருவரிடம் கண், மற்றவரிடம் கை.

இலக்குக்கு முன்பாக, முன்கூட்டியே குறித்துவைத்த ஓரிடத்தில், பேவ் லோ ஊழியர்கள் ஒளிக்குச்சிகளைக் கட்டாகக் கீழே வீசினார்கள். திருவிழாக் கடையில் பிள்ளைகள் வாங்கி வளைத்து ஒளிர வைக்கிறார்களே, அதே வகைக் குச்சிகள். அப்பாச்சிகள் அந்த வெளிச்சத்தின் மேல் வந்து தங்கள் கணக்கைத் திருத்திக்கொண்டன. 2:38 மணிக்கு ஏவுகணைகள் பாய்ந்தன.

இது ஒரே நாட்டின் இரண்டு படைகளுக்கு இடையே நடந்த ஒத்துழைப்பு. ஈராக் கைப்பற்றிய குவைத்தை மீட்கத் திரண்ட கூட்டணியிலோ முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருந்தன. ஆங்கிலம், அரபு, பிரெஞ்சு என்று மொழிகள் வேறு, ஆயுதங்கள் வேறு, சட்டங்கள் வேறு. கூட்டுப்படை என்றதும் நம் ஊடகங்கள் விமானத்தின் விலையையும் ஏவுகணையின் நீளத்தையும் எழுதுகின்றன. எனக்கு வியப்பூட்டுவது வேறொன்று. ‘எப்போது’, ‘எங்கே’, ‘யார்’ என்ற மூன்று சாதாரணச் சொற்களுக்கு எல்லோரிடமும் ஒரே பொருள் இருக்கச் செய்வதுதான் இதில் மிகக் கடினமான பொறியியல்.

‘எப்போது’ ஒப்பீட்டளவில் எளிது. வான்போர் தொடங்கிய தருணம் ரியாத்தில் 17-ஆம் தேதி அதிகாலை 3 மணி. வாஷிங்டனில் அப்போது 16-ஆம் தேதி மாலை 7 மணி. லூசியானாவிலிருந்து ஏழு பி-52 குண்டுவீச்சு விமானங்கள் ஏற்கெனவே புறப்பட்டு வானில் இருந்தன. அவை போய்த் திரும்ப 35 மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. இவர்கள் அனைவருக்கும் பொதுவான கடிகாரம் கிரீன்விச் நேரம். படைகளின் பேச்சில் அது ‘ஜூலு’. ஒவ்வொரு நேர மண்டலத்துக்கும் ஓர் எழுத்து உண்டு: ரியாத் ‘சார்லி’, வாஷிங்டன் ‘ரோமியோ’. ஜூலுவில் பார்த்தால் போர் தொடங்கியது சரியாக 17-ஆம் தேதி 0000 மணி. திட்டத்தாளில் அந்த நேரமும் நேரடியாக எழுதப்படுவதில்லை. தொடக்க நேரத்துக்கு ‘எச்’ என்று பெயரிட்டு, மற்றதையெல்லாம் அதற்கு இத்தனை நிமிடம் முன், இத்தனை நிமிடம் பின் என்று குறிப்பார்கள். அப்பாச்சியின் தாக்குதல் எச்-சுக்கு 22 நிமிடம் முன். போர் ஒரு நாள் தள்ளிப்போனால் ஓர் எண்ணை மாற்றினால் போதும். ஓராயிரம் தாள்களைத் திருத்த வேண்டியதில்லை.

‘எங்கே’ என்பதில் சிக்கல் கூடுதல். பூமி சரியான உருண்டை இல்லை. ஒவ்வொரு நாடும் தன் நிலப்பரப்புக்குப் பொருந்தும் ஒரு நீள்கோள வடிவத்தைக் கணித்து, அதன் மேல் தன் வரைபடத்தை வரைந்தது. 1802-இல் பிரிட்டிஷ் அதிகாரி லாம்டன் பரங்கிமலைக்கு அருகே அடிப்படைக் கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவையிலிருந்து பிறந்ததுதான் இந்திய வரைபடங்கள் நெடுங்காலம் சார்ந்திருந்த எவரெஸ்ட் நீள்கோளம். ஜப்பானின் பழைய வரைபடங்களுக்கு டோக்கியோவை மையமாகக் கொண்ட வேறோர் அடிப்படை. பழைய டோக்கியோ வரைபடத்தில் படித்த அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே ஜி.பி.எஸ். கருவியில் இட்டால், கருவி நானூறு மீட்டருக்கும் மேல் தள்ளி வேறோர் இடத்தைக் காட்டும். பீரங்கிக்கு அந்த இடைவெளி ஒரு முழுத் தெரு. இரண்டு பேரும் சரியான எண்ணையே சொல்லியிருப்பார்கள். குண்டு மட்டும் தவறான இடத்தில் விழும். இப்போது நேட்டோ நாடுகள் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற பொது வடிவத்தையும், உலகைக் கட்டங்களாகப் பிரிக்கும் முறையையும் பின்பற்றுகின்றன. பாக்தாத் 38 எஸ் கட்டத்தில் வரும். அதற்குள் நூறு கிலோமீட்டர் சதுரத்துக்கு இரண்டு எழுத்துகள். அதற்குப்பின் எட்டு இலக்கம் சொன்னால் பத்து மீட்டர், பத்து இலக்கம் சொன்னால் ஒரு மீட்டர் துல்லியம்.

வரைபடக் குறியீடுகளிலும் இதே கவனம் உண்டு. நம் படை நீலச் செவ்வகம், எதிரி சிவப்பு வைரவடிவம், நடுநிலை பச்சைச் சதுரம். நிறத்தோடு வடிவமும் மாறுவதால் கறுப்பு வெள்ளை நகலிலும் குழப்பம் வராது.

இனி ‘யார்’. வளைகுடாப் போரில் ஒரு நாளைக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமான முறை விமானங்கள் புறப்பட்டன. எந்த விமானம், எந்த அழைப்புப் பெயரில், எந்த உயரத்தில், எந்த டேங்கர் விமானத்திடம் எத்தனை மணிக்கு எரிபொருள் நிரப்பி, எந்த இலக்குக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் ரியாத்தில் ஜெனரல் சார்லஸ் ஹார்னரின் தலைமையகம் ஒரே ஆணையாகத் தொகுத்தது. ஏர் டாஸ்கிங் ஆர்டர் என்பது அதன் பெயர், சுருக்கமாக ஏ.டி.ஓ. பல நூறு பக்கம் நீளும். எந்த நேரத்திலும் மூன்று ஏ.டி.ஓ.க்கள் உயிரோடு இருக்கும்: இன்றையது பறந்துகொண்டிருக்கும், நாளையது தட்டச்சாகிக்கொண்டிருக்கும், நாளை மறுநாளுக்கானது விவாதத்தில் இருக்கும். அதன் நடை பார்க்க வறண்டது. சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட வரிகள். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரே பொருள். சொல்ல ஒன்றுமில்லாவிட்டால் அங்கே ஒரு சிறு கோடு. அந்த வறட்சியில்தான் அதன் வலிமை. அலங்காரச் சொற்கள் இல்லை. மொழிபெயர்க்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. மனிதரும் படிக்கலாம், கணினியும் படிக்கலாம்.

இவ்வளவு ஒழுங்காகத் தயாரித்த ஆணையை விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு அனுப்ப வழியில்லாமல் போயிற்று. அத்தனை பெரிய கோப்பை வாங்கும் செயற்கைக்கோள் இணைப்பு கப்பல்களில் இல்லை. விமானப்படையின் கணினி முறையோடும் அவை பொருந்தவில்லை. ஆகவே கடற்படை தினமும் ரியாத்துக்கு ஒரு விமானத்தை அனுப்பி, ஆணையைக் கையோடு வாங்கிவந்தது. ஏவுகணையைச் சன்னல் வழியாக நுழைக்கத் தெரிந்த படை, கடிதத்துக்கு ஆளனுப்பிய கதை இது.

தாள் வந்துசேர்ந்தாலும், எல்லோருக்கும் அதன் எல்லா வரிகளும் வந்தனவா என்ற கேள்வி இருக்கிறது. 1994 ஏப்ரல் 14 அன்று, வடக்கு ஈராக்கில் குர்து மக்களைக் காக்க, ஈராக் விமானங்கள் பறக்கக்கூடாது என்று அமைக்கப்பட்ட தடைப்பகுதிக்குள் இரண்டு அமெரிக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் பறந்தன. உள்ளே அமெரிக்கர், பிரிட்டிஷார், பிரெஞ்சுக்காரர், துருக்கியர், குர்துகள். நட்பு விமானம் என்று காட்டுவதற்கு ஒரு குறியீட்டு எண் உண்டு. பகுதிக்கு வெளியே 42. உள்ளே நுழைந்ததும் 52-க்கு மாற வேண்டும். மாற வேண்டும் என்பதே ஹெலிகாப்டர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ரேடியோ அலைவரிசையும் வேறாக இருந்தது. அமெரிக்க விமானப்படையின் எஃப்-15 போர்விமானங்கள் கேள்வி கேட்டன. சரியான பதில் வரவில்லை. அருகே பறந்து கண்ணால் பார்த்தார்கள். பக்கவாட்டில் கூடுதல் எரிபொருள் கலங்களைச் சுமந்த பிளாக் ஹாக், ஆயுதம் தாங்கிய ரஷ்ய ஹெலிகாப்டர் போலத் தெரிந்தது. இரண்டையும் சுட்டு வீழ்த்தினார்கள். 26 பேரும் இறந்தார்கள். மேலே ஏவாக்ஸ் கண்காணிப்பு விமானம் எல்லாவற்றையும் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. எந்திரக் கோளாறை மட்டும் காரணம் காட்டி இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரே நாட்டின் இரண்டு படைகள் ஒரே வானத்தை இரண்டு விதமாகப் புரிந்துவைத்திருந்தன.

ஆப்கானிஸ்தானில் பிரச்சினையின் உருவம் மாறியது. இணைப்புகளுக்குப் பஞ்சமில்லை; அளவுக்கு மீறி இருந்தன. அமெரிக்காவின் இரகசிய வலை ஒன்று, பிரிட்டனுடையது ஒன்று, நேட்டோவுடையது இன்னொன்று. ஒன்றோடொன்று பேசாது. ஒரே மேசையில் பல கணினிகளை வைத்துக்கொண்டு, சுழல் நாற்காலியில் திரும்பித் திரும்பி, ஒரு திரையில் வந்த செய்தியை இன்னொன்றில் தட்டச்சு செய்த அதிகாரிகள் உண்டு. கண்ணிவெடி பற்றிய எச்சரிக்கை ஒன்று பக்கத்து நாட்டுப் படையின் ரோந்து வண்டிக்குப் போய்ச்சேரும் வேகத்தை அந்த விரல்கள்தான் தீர்மானித்தன.

2010-இல் ஆப்கன் மிஷன் நெட்வொர்க் வந்தது. எல்லோரையும் ஒரே வலைக்கு இழுப்பது அதன் நோக்கம் அல்ல. எந்த நாடும் அதற்கு இசையாது. ஒவ்வொருவரும் தம் சொந்த வலையை வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு பொது முற்றம். முற்றத்துக்கு வரும் வாசலில் ஒரு காவல் மென்பொருள் நின்று ஒவ்வோர் ஆவணத்தின் முத்திரையையும் படிக்கும்: இதை யாருக்குக் காட்டலாம்? முத்திரை பொருந்தினால் விடும், இல்லையென்றால் நிறுத்தும். இங்கே தொழில்நுட்பத்தைவிடப் பழக்கத்தை மாற்றுவதே கடினமாக இருந்தது. ‘என் நாட்டவருக்கு மட்டும்’ என்று கைப்பழக்கத்தில் முத்திரை குத்திவிட்டால் எத்தனை கோடி செலவழித்த வலையும் வெறும் கம்பிதான். மிக அதிகம் உதவியது எது என்று பார்த்தால், சாதாரண எழுத்து அரட்டைப் பெட்டி. குறைந்த இணைப்பிலும் ஓடும். யார் எப்போது என்ன சொன்னார் என்பது பதிவாகியும் இருக்கும். இதன் வழித்தோன்றலைச் சோதிக்க ஆண்டுதோறும் போலந்தின் பிட்கோஷ்ச் நகரில் பல நாட்டுப் பொறியாளர்கள் கூடுகிறார்கள். துப்பாக்கிச் சத்தம் இல்லாத போர்ப்பயிற்சி. நான் அனுப்பிய நீலச் செவ்வகம் உன் திரையில் அதே இடத்தில் விழுகிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

எல்லாம் பொருந்திய பிறகும் ஒரு கதவு திறந்தே இருக்கும்: மறுக்கும் உரிமை. கூட்டுத் தளபதிக்கு நாடுகள் தம் படையை இரவலாகத்தான் தருகின்றன. முழு அதிகாரம் தலைநகரிலேயே தங்கிவிடுகிறது. வான்போர்த் தலைமையகத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிரதிநிதி இருப்பார். கால்பந்து நடுவரைப் போல அவருக்குச் ‘சிவப்பு அட்டை’க்காரர் என்று பெயர். தம் நாட்டுச் சட்டத்துக்கு ஒவ்வாத இலக்கு வந்தால், எங்கள் விமானம் போகாது என்பார். வேறொரு நாட்டின் விமானம் போகலாம். 2003 ஈராக் போரில் ஆஸ்திரேலிய விமானிகள் இலக்கை உறுதிசெய்ய முடியாமல் குண்டு போடாமலே திரும்பியதுண்டு. 1999 ஜூனில் கொசோவோவின் பிரிஸ்டினா விமான நிலையத்தை ரஷ்யப் படை முந்திப் பிடித்தபோது, நேட்டோவின் தலைமைத் தளபதியான அமெரிக்க ஜெனரல் வெஸ்லி கிளார்க் ஓடுபாதையை அடைக்கச் சொன்னார். களத்திலிருந்த பிரிட்டிஷ் ஜெனரல் மைக் ஜாக்சன், உங்களுக்காக மூன்றாம் உலகப் போரைத் தொடங்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். லண்டன் ஜாக்சன் பக்கம் நின்றது. இதை அமைப்பின் கோளாறு என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கதவு இல்லாவிட்டால் பாதி நாடுகள் கூட்டணிக்குள் காலே வைத்திருக்காது.

2011-இல் நேட்டோ தலைமையிலான நடவடிக்கையில் லிபியா மேல் பறக்க சுவீடன் எட்டு கிரிப்பன் விமானங்களை அனுப்பியது. அப்போது அது நேட்டோ உறுப்பு நாடு இல்லை. ஆனாலும் நேட்டோவின் தரவு இணைப்பு விமானத்திலேயே இருந்தது. விமானிகள் நேட்டோ நடைமுறையில் தேறியவர்கள். சிசிலித் தீவின் சிகோனெல்லா தளத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அன்றன்றைய ஆணைகள் வரும் இரகசிய வலைக்குள் நுழைய உறுப்பினரல்லாத அவர்களுக்கு அனுமதி இல்லை என்பது. அதற்கு வழி தேடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் தெரிந்தது. அந்த இத்தாலியத் தளத்தில் அமெரிக்கக் கடற்படையின் நிலையமும் உண்டு. அங்கே கிடைத்தது கப்பலில் எளிதில் தீப்பிடிக்காதபடி தயாரித்த எரிபொருள். கிரிப்பன் குடிப்பதோ பயணிகள் விமானத்தின் எரிபொருள். நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து, ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து வந்த போர்விமானங்கள், சரியான எரிபொருளுக்காக ஓடுதளத்தில் காத்து நின்றன.