அயர்லாந்தின் அட்டாக் பிறக்கும் இடம்

2023 அக்டோபர் 14, பாரிஸ். ரக்பி உலகக் கோப்பை காலிறுதியில் நியூசிலாந்து 28, அயர்லாந்து 24. எண்பது நிமிடம் முடிந்தும் ஆட்டம் நிற்கவில்லை, ஏனென்றால் பந்து அயர்லாந்து கையில். ஒருவர் பந்தோடு ஓடி முட்டுவார், அவரைக் கீழே சாய்ப்பார்கள், பந்து வெளியே வரும், அடுத்தவர் ஓடுவார். இப்படி 37 முறை. கடைசியில் நியூசிலாந்தின் சாம் வைட்லாக் குனிந்து பந்தின் மேல் கையை வைத்தார், அவ்வளவுதான். அதுவரை தொடர்ந்து 17 ஆட்டங்கள் ஜெயித்த அணி ஊருக்குக் கிளம்பியது, அதன் கேப்டன் ஜானி செக்ஸ்டனின் ஆட்ட வாழ்க்கையும் அன்றோடு முடிந்தது.

அயர்லாந்து ரசிகர்கள் அதைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். எல்லாமே ஒத்திகை பார்த்த ஆட்டம், எதிரணி படித்துவிட்டது என்பார் ஒருவர். இல்லை, ஆட்கள் ஃபார்மில் இல்லை என்பார் இன்னொருவர். இந்த அணியைப் பல வருடமாகப் பார்க்கிறவன் என்ற முறையில் நான் சொல்வது, இரண்டு பேருமே பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை. பந்தை வைத்திருக்கிறவரை விட்டுவிட்டு ரக்கைப் பாருங்கள்.

பந்தோடு ஓடியவர் விழுந்ததும் பந்தைத் தன் அணிப் பக்கம் வைப்பார், அதற்கு மேலே இரு அணி ஆட்களும் நின்றபடி ஒருவரை ஒருவர் தள்ளுவார்கள், அதுதான் ரக். தடுக்கும் அணியில் அதில் சேராத அத்தனை பேரும், ரக்கில் கடைசியாக நிற்கும் தங்கள் ஆளின் காலுக்குப் பின்னால் போய்விட வேண்டும், இல்லையென்றால் ஆஃப்சைட் என்ற விதிமீறல். பந்து மூன்று வினாடிக்குள் வெளியே வந்தால் அதை வேகமான பந்து என்பார்கள். அதற்குள் தடுப்பவர்கள் என்னவெல்லாம் செய்ய வேண்டும்? சாய்த்தவர் பிடியை விட்டு உருண்டு விலகி எழ வேண்டும், மற்றவர்கள் பின்னால் ஓடி, திரும்பி, தன் முன்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று எண்ணி, பக்கத்து ஆளிடம் கத்திச் சொல்ல வேண்டும். பந்து இரண்டு வினாடியில் வந்துவிட்டால் இதில் பாதி நடந்திருக்காது.

கணக்காகவே பார்க்கலாம். தடுக்கும் 15 பேரில் இரண்டு பேர் தரையில், உதை வரும் என்று மூன்று பேர் பின்னால், மிச்சம் பத்து பேர். மைதானத்தின் அகலம் 70 மீட்டர் வரை. தாக்கும் பக்கத்தில் விழுந்தவர் ஒருவர், எதிரிகளைத் தள்ள இரண்டு பேர், பந்தை எடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃப் ஒருவர் போக 11 பேர் நிற்கிறார்கள். ஒரு ஆள் கூடுதல். ரக்கை ஜெயிக்க மூன்றாவதாக ஒருவரை உள்ளே அனுப்பினால் அந்த ஒரு ஆளும் போய்விடுவார். பயிற்சியாளர் ஆண்டி ஃபாரல் காலத்து அயர்லாந்தின் மொத்தத் திறமையும் இங்கேதான் இருக்கிறது: குறைவான ஆட்கள், சரியான கோணத்தில், சீக்கிரமாக வந்து தள்ளுவது. பந்து வெளியே வந்த கையோடு ஸ்க்ரம்-ஹாஃப் ஜேமிசன் கிப்சன்-பார்க் அதை நகர்த்திவிடுவார்.

அப்புறம்தான் எல்லாரும் கொண்டாடும் பாஸ்கள். மூன்று ஃபார்வர்டுகள் (முட்டி மோதும் கனத்த ஆட்கள்) கூட்டமாக முன்னால் நிற்பார்கள், அவர்களுக்குப் பின்னால் மறைவாக ஒரு பேக் (பந்தோடு ஓடும் வேகமான ஆள்). பந்தை வாங்கும் ஃபார்வர்டுக்கு மூன்று வழி: தானே முட்டலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தட்டிவிடலாம், பின்னால் நிற்பவருக்கு இழுத்துக் கொடுக்கலாம். 2023 பிப்ரவரியில் டப்ளினில் பிரான்ஸுக்கு எதிராக ஹூகோ கீனன் போட்ட ட்ரையை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) பாருங்கள். பந்தைக் கொடுத்தவர் ஃபின்லே பீலம். அவர் ப்ராப், அதாவது இரு அணி ஃபார்வர்டுகளும் கோத்துக்கொண்டு தள்ளும் ஸ்க்ரமின் முதல் வரிசையில் முட்டித் தள்ளுவதுதான் அவருடைய பிரதான வேலை. பந்தை வாங்கி, தடுப்பவர்கள் தன்னை நோக்கித் திரும்பும்வரை பொறுத்து, ஒரு குட்டி பாஸ். கீனன் அந்த இடைவெளியில் புகுந்து போய்விட்டார்.

அந்தப் பொறுமைக்குப் பின்னால் எளிய இயற்பியல் இருக்கிறது. இரண்டு வரிசைக்கும் நடுவில் பத்து மீட்டர், இரு பக்கமும் வினாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் வந்தால் ஒரே வினாடியில் மோதிக்கொள்வார்கள். கண்ணால் பார்த்த ஒன்றுக்கு உடம்பு அசையத் தொடங்க ஐந்தில் ஒரு பங்கு வினாடியாவது ஆகும், அதற்குள் தடுப்பவர் பழைய திசையிலேயே ஒரு மீட்டர் ஓடியிருப்பார். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் ஒருவர் ஓடும் வேகத்தில் அங்கிருந்து திசை மாறுவது லேசான காரியம் இல்லை. அதனால் கடைசி நொடியில் தட்டிவிடும் இரண்டு மீட்டர் பாஸ், முன்னதாகவே வீசும் இருபது மீட்டர் பாஸைவிட ஆபத்தானது.

பந்து தாமதமாக வந்தால் இதெல்லாம் செல்லாது. 2022 சாம்பியன்ஸ் கோப்பை (ஐரோப்பிய கிளப்களின் போட்டி) இறுதியில் பிரான்ஸின் லா ரோஷெல், அயர்லாந்தின் லென்ஸ்டரை 24-21 என்று சாய்த்தது. லென்ஸ்டரின் 21 புள்ளிகளும் பெனால்டி உதைகளில் வந்தவை, ஒரு ட்ரை கூட இல்லை. ஒவ்வொரு ரக்கிலும் கனத்த உடம்புகள் விழுந்து பந்தை மெதுவாக்கின. தற்காப்பில் பெயர் பெற்ற பயிற்சியாளர் ஜாக் நீனபர் வந்த பிறகுதான் லென்ஸ்டரின் அட்டாக் மழுங்கிவிட்டது என்று சொல்பவர்கள், அவர் வருவதற்கு முந்தைய இந்த ஆட்டத்தை மறந்துவிடுகிறார்கள். தேசிய அணியில் பெரும்பாலானோர் லென்ஸ்டர் ஆட்கள் என்பதால், அங்கே பிடிபட்ட பலவீனம் இங்கேயும் தெரியும்.

2024 கடைசியில் இன்னொன்றும் மாறியது. உயரே உதைத்த பந்தைப் பிடிக்க ஓடுபவருக்கு அவருடைய அணியினர் அரண்போல நின்று எதிரியை மறைப்பதை நடுவர்கள் கண்டிப்பாகத் தடுக்கத் தொடங்கினார்கள். வானத்தில் போட்டி கூடியது, பந்து சிதறி விழுவதும் கூடியது. அடுக்கடுக்காக ஆட்டத்தைக் கட்டும் அயர்லாந்தைவிட, சிதறிய பந்தில் பாயும் அணிகளுக்கே இது தோதாக இருக்கிறது.

செக்ஸ்டனின் பத்தாம் எண் சட்டை (அட்டாக்கை நடத்துபவருடையது) யாருக்கு என்ற சண்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான். இன்னொரு ஐரிஷ் அணியான மன்ஸ்டரின் ஜாக் க்ரோலி தானே பந்தோடு வரிசையை நோக்கி ஓடுவார், அதனால் தடுப்பவர் ஒரு கணம் அவர் மேல் கண் வைத்தே ஆக வேண்டும். லென்ஸ்டரின் சாம் ப்ரெண்டர்காஸ்டுக்கு நீண்ட பாஸும் நீண்ட உதையும் கை வந்தவை, ஆனால் அதற்கு அவருக்கு இடம் வேண்டும், அந்த இடத்தைக் கொடுப்பது வேகமான பந்து மட்டுமே. மெதுவான பந்து வரும் நாளில் எனக்கு க்ரோலி வேண்டும், தயக்கமே இல்லாமல் சொல்வேன்.

அடுத்த ஆட்டத்தில் அயர்லாந்து வீரர் ஒருவர் பந்தோடு விழுந்ததும் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்ணுவதற்குள் கிப்சன்-பார்க் கையில் பந்து வந்துவிட்டால், எதிரணியின் ஓரத்தில் நிற்கும் ஆளின் தலையைக் கவனியுங்கள், அது இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருக்கும். நான்கு எண்ணியும் பந்து வரவில்லையென்றால் அவர் நிதானமாக நேரே பார்த்துக்கொண்டு நிற்பார்.