உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்: பங்கு வாங்கிய விவசாயிக்கு என்னென்ன உரிமை?

விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்கு வாங்கிவிட்டு, அதோடு அதை மறந்துவிட்ட விவசாயிகள் ஏராளம். "உரம் கொஞ்சம் விலை குறைச்சுக் கிடைக்கும்" என்ற அளவில்தான் பலருக்கும் அது தெரியும். ஆனால் சட்டம் அவர்களை வாடிக்கையாளர்களாக வைக்கவில்லை, முதலாளிகளாக வைத்திருக்கிறது. அதை ஒவ்வோர் உறுப்பினரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூட்டுறவுச் சங்கங்களில் அரசின் பிடி இறுகியிருந்தது. தனியார் கம்பெனியிலோ பணம் போட்டவர் வைத்ததுதான் சட்டம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேண்டும் என்று பொருளாதார அறிஞர் ஒய்.கே. அலக் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. அதன்படி 2002இல் கம்பெனிகள் சட்டம் திருத்தப்பட்டு 'உற்பத்தியாளர் நிறுவனம்' பிறந்தது. 2020இல் செய்த திருத்தத்தின் மூலம் அந்த விதிகள் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்துக்குள் தனி அத்தியாயமாகச் சேர்ந்தன. பத்து உற்பத்தியாளர்கள் கூடினால் பதிவு செய்துவிடலாம். பயிர் வைப்பவர்கள் மட்டும் என்றில்லை. மாடு வளர்ப்பவர், மீன் பிடிப்பவர், தறி நெய்பவர், தேனீ வளர்ப்பவர், காட்டுப் பொருள் சேகரிப்பவர் எல்லாரும் இதில் அடங்குவார்கள்.

சாதாரணக் கம்பெனியில் பங்கு எத்தனையோ, ஓட்டும் அத்தனை. தனிநபர்கள் உறுப்பினராக உள்ள உற்பத்தியாளர் நிறுவனத்தில் ஒரு பங்கு வைத்திருந்தாலும் நூறு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். பங்கைச் சந்தையில் விற்க முடியாது. இயக்குநர் குழுவின் முன் அனுமதியோடு, நிறுவனத்துடன் தொடர்ந்து வணிகம் செய்யும் இன்னோர் உறுப்பினருக்கு முக மதிப்பில், அதாவது பங்கில் குறித்த விலையில், மாற்றித் தரலாம், அவ்வளவுதான். வெளியிலிருந்து ஒரு பணக்காரர் வந்து மொத்தமாக வளைத்துப் போட வழியே இல்லை. என் பார்வையில் இந்தச் சட்டத்தின் உயிர்நாடி இதுதான்.

பணம் மூன்று வகையில் கைக்கு வரும். விளைச்சலைக் கொடுத்ததும் இயக்குநர் குழு நிர்ணயித்த விலை கிடைக்கும். அந்த விலையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருந்தால், அதைப் பிறகு பணமாகவோ பொருளாகவோ பங்காகவோ தரலாம். பங்குக்கு ஓர் ஈவு (டிவிடெண்ட்) உண்டு, ஆனால் அதற்கு நிறுவனத்தின் நடைமுறை விதிகளில் உச்சவரம்பு இருக்கும். இவை போக, ஆண்டு முடிவில் உபரி மிஞ்சினால், பொதுக்கூட்டத்தின் ஒப்புதலோடு, அவரவர் நிறுவனத்துடன் செய்த வணிகத்தின் அளவுக்கேற்ப போனஸ்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் ஆயிரம் ரூபாய்ப் பங்கு; நிறுவனத்துக்கு 20 குவிண்டால் நிலக்கடலை போட்டார். இன்னொருவரிடம் பத்தாயிரம் ரூபாய்ப் பங்கு. போட்டது 2 குவிண்டால். ஈவு 8 சதவீதம், போனஸ் குவிண்டாலுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு 80 ரூபாய் ஈவும் 2,000 ரூபாய் போனஸும் வரும். இரண்டாமவருக்கு 800 ரூபாய் ஈவும் 200 ரூபாய் போனஸும் வரும். பணத்தை அதிகம் போட்டவரைவிடக் கடலையை அதிகம் போட்டவர் இரண்டு மடங்குக்கும் மேலே பெறுகிறார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நிறுவனத்துடன் வணிகம் செய்கிறவர்களுக்கு மட்டுமே ஓட்டு என்று நடைமுறை விதிகளில் எழுதிக்கொள்ள சட்டம் அனுமதிக்கிறது. பங்கை வாங்கிவிட்டு விளைச்சலையெல்லாம் வியாபாரியிடமே போட்டுக்கொண்டிருந்தால் ஓட்டுரிமை போய்விடலாம். உங்கள் நிறுவனத்தின் விதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அரசின் உதவியும் உண்டு. 2020இல் மத்திய அரசு 10,000 நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இந்தத் திட்டத்தில் உதவி பெற, ஒரு நிறுவனத்தில் சமவெளியில் குறைந்தது 300 பேர், மலைப்பகுதியிலும் வடகிழக்கிலும் 100 பேர் சேர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். உறுப்பினர் போடும் பங்குத்தொகைக்கு ஈடாக, தலைக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் மானியம் உண்டு. 2 கோடி ரூபாய் வரையிலான திட்டக் கடனுக்கு உத்தரவாத வசதியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு முன்பே, 2017-18இல், கூட்டுப் பண்ணையத் திட்டம் வந்தது. இருபது பேர் உழவர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து குழு சேர்ந்து நூறு பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு. பண்ணைக் கருவிகள் வாங்க குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. இந்தக் குழுக்கள் சேர்ந்துதான் பல ஊர்களில் நிறுவனங்களாயின.

மானியம் நின்றபின் பல நிறுவனங்கள் தள்ளாடுவதற்கு, உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வராததும் ஒரு முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 14 நாள் முன்பே எழுத்து மூலம் அறிவிப்பு வர வேண்டும். தணிக்கை செய்த வரவு செலவு அறிக்கையும், இயக்குநராகப் போட்டியிடுபவர்கள் விவரமும் கூடவே வர வேண்டும். மொத்த உறுப்பினர்களில் கால்வாசிப் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஆயிரம் பேர் இருந்தால் 250 பேர். அங்கே எழுந்து நின்று கேளுங்கள்: நம்மிடம் என்ன விலைக்கு வாங்கினீர்கள், என்ன விலைக்கு விற்றீர்கள், பிடித்து வைத்த தொகை எங்கே, உபரியில் எவ்வளவு சேமநிதிக்குப் போனது? ஓட்டுரிமை உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எழுதிக் கொடுத்தால் சிறப்புக் கூட்டமே கூட்டியாக வேண்டும்.

கடைசியாக, உறுப்பினரானதும் மூன்று மாதத்துக்குள் வாரிசுதாரர் (நாமினி) பெயரைப் பதிந்துவிடுங்கள். நீங்கள் இல்லாத காலத்தில் பங்கு அவர் பெயருக்குப் போகும். அவர் உற்பத்தியாளர் இல்லையென்றால், பங்கை நிறுவனத்திடமே திருப்பித் தரச் சொல்வார்கள். பங்குச் சான்றிதழ் இன்னும் கையில் வராதவர்கள் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.