தூக்கத்துக்குப் பிரசங்கத்தின்மேல் பழி போடாதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். 50 வயதைத் தாண்டியவர், சபையில் பொறுப்பில் இருப்பவர். அவராக வரவில்லை, மனைவி இழுத்து வந்திருந்தார். "டாக்டர், பிரசங்கம் ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, இவர் தூங்கிவிடுகிறார். உட்காருவது முன்வரிசை வேறு. போன ஞாயிறு குறட்டை சத்தத்தில் போதகரே பேச்சை நிறுத்திவிட்டார். நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?"

"எங்கள் ஐயர் பேசினால் யாருக்கும் தூக்கம் வரும் டாக்டர்" என்று கணவர் சிரித்தார்.

வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தேன். வண்டி ஓட்டும்போது எப்போதாவது கண் அசந்திருக்கிறதா என்றதும் அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார். இரண்டு மாதத்துக்கு முன் அவர் ஓட்டிய கார் சாலைத் தடுப்பை உரசிக்கொண்டே போய் நின்றிருக்கிறது. பின் இருக்கையில் பேரப்பிள்ளை.

அதற்கு அவர்கள் வரவில்லை. பிரசங்கத்தில் குறட்டை விட்டதற்கு வந்திருக்கிறார்கள். சாலையில் உயிர் போகப் பார்த்ததை 'ஏதோ அசதி' என்று விட்டுவிட்டு, ஆலயத்தில் மானம் போனதும் டாக்டரைத் தேடுகிறவர்களில் இவர் முதல் ஆள் இல்லை. தூக்க நோய்களைப் பார்க்கிற எனக்கு இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

ஒன்றை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சலிப்பு தூக்கத்தை உண்டாக்காது. இரவு நன்றாகத் தூங்கி எழுந்த ஒருவரை உலகத்திலேயே மோசமான பிரசங்கியின் முன்னால் உட்கார வையுங்கள். நெளிவார். கடிகாரத்தைப் பார்ப்பார். முன்னால் இருப்பவரின் வழுக்கையை ஆராய்வார். பாடல் பலகையில் இருக்கும் எண்களைக் கூட்டிப் பார்ப்பார். எரிச்சல் வரும், எழுந்து ஓடிவிடலாமா என்று இருக்கும். தூக்கம் மட்டும் வராது. வந்தால் அது ஏற்கனவே உள்ளே இருந்த தூக்கம். நடமாட்டமும் வேலையும் பேச்சும் அதை அதுவரை மூடி வைத்திருந்தன. பிரசங்கம் அந்த மூடியைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் உடனே ஒரு வாதம் வரும். "பாட்டு பாடும்போது தூங்குவதில்லையே டாக்டர், பிரசங்கத்தில்தானே தூங்குகிறேன்?" எழுந்து நின்று வாயைத் திறந்து பாடுகிறவர் எப்படித் தூங்குவார்? மும்முரமாகச் சண்டை போடுகிறவனுக்குப் பசி தெரியாது. சண்டை ஓய்ந்ததும் வயிறு கிள்ளும். அதற்காகச் சமாதானம்தான் பசியைக் கொண்டுவந்தது என்போமா? 'பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது' என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. முதுகை ஒடிக்கிற மரப்பெஞ்சில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே ஒருவர் தூங்குகிறார் என்றால் அவருடைய தூக்கக் கடன் எவ்வளவு என்று யோசியுங்கள்.

இன்னொரு கட்சி இருக்கிறது. விசுவாசம் குறைவு, சாத்தானின் வேலை என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் இன்றைய அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதிச் சபைகளில் தூங்குகிறவர்களை எழுப்புவதற்கென்றே நீண்ட கோலோடு ஒருவர் நடந்துகொண்டிருப்பாராம். ஒரு முனையால் தலையில் தட்டு, மறுமுனையில் கட்டியிருக்கும் இறகாலோ நரிவாலாலோ முகத்தில் ஒரு வருடல். இன்று அந்த வேலையை மனைவியின் முழங்கை பார்க்கிறது. இரண்டுக்கும் பலன் ஒன்றுதான், சில வினாடி விழிப்பு.

பைபிளில் அப்போஸ்தலருடைய நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் வரும் ஐத்திகுவை இவர்களுக்கு நினைவுபடுத்துவேன். துரோவா பட்டணம், மாடி அறை, நிறைய விளக்குகள். பவுல் நடுராத்திரி வரை பேசுகிறார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். இதை எழுதிய லூக்காவை வைத்தியர் என்று பவுலே சொல்லியிருக்கிறார். எனக்கு அது ஒரு நல்ல மருத்துவக் குறிப்பாகவே தெரியும். நேரம், விளக்குகள், பேச்சின் நீளம், உட்கார்ந்த இடம் எல்லாம் இருக்கின்றன, அவனுடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பவுலும் திட்டவில்லை. இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டார். (அப்புறம் மேலே ஏறி விடியும் வரை பேசினார் என்பது வேறு விஷயம்.)

சரி, அந்தத் தூக்கம் எங்கிருந்து வருகிறது?

முக்கால்வாசிப் பேருக்குப் பதில் சனிக்கிழமை இரவில் இருக்கிறது. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10. வாரம் முழுக்கக் கடன் வாங்கி, சனிக்கிழமை நள்ளிரவு வரை கைபேசியைத் தேய்த்துவிட்டு, காலை ஆராதனையில் விழித்திருக்க வேண்டும் என்றால் உடம்பு கேட்குமா? பதின்வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. அந்தப் பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டுகிற பெற்றோர் தாங்கள் அந்த வயதில் எப்படித் தூங்கினோம் என்று ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நான் பயப்படுவது "8 மணி நேரம் தூங்குகிறேனே" என்று சொல்லிவிட்டும் தூங்குகிறவர்களைப் பற்றித்தான். குறட்டை, நடுவே மூச்சு நின்று பின் திணறி எழுதல், காலையில் தலைவலி, வறண்ட வாய், மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம். இவை சேர்ந்திருந்தால் ஸ்லீப் ஆப்னியா என்கிற தூக்க மூச்சுத்தடையைச் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு தடையும் 10 வினாடியோ அதற்கு மேலோ நீளும். கடுமையான நோயில் ஒரு மணி நேரத்துக்கு 30 தடவைக்கு மேல் வரும். ஒவ்வொரு தடவையும் மூளை விழித்து மூச்சை மீட்கிறது, காலையில் எதுவும் நினைவிருக்காது. சாட்சி பக்கத்தில் படுப்பவர்தான். அதனால்தான் துணையோடு வாருங்கள் என்கிறேன். குண்டான ஆண்களுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைத்து, மாதவிடாய் நின்ற பிறகு இதோடு வரும் பெண்களை நாங்களே கோட்டை விட்டிருக்கிறோம்.

சளி, அலர்ஜிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகள் பலவும் தூக்கம் தருபவை. வேறு சில மருந்துகளும் அப்படித்தான். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். போதுமான தூக்கத்துக்குப் பிறகும் கண்ட இடத்தில் தூங்கிவிழும் இளைஞருக்கு, சிரித்தால் முழங்கால் துவள்கிறது என்றால், அது நார்கோலெப்ஸி என்கிற தூக்க நோயாக இருக்கலாம்.

நாங்கள் பயன்படுத்தும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. முர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991இல் வெளியிட்ட எப்வர்த் அளவுகோல். 8 சூழ்நிலைகள், ஒவ்வொன்றிலும் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். அதில் ஒன்று, பொது இடத்தில், கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது. உங்கள் ஆலயப் பெஞ்சுதான்! 24க்கு 10ஐத் தாண்டினால் வந்து பாருங்கள். மெல்பர்னில் அவர் வேலை பார்த்த எப்வர்த் மருத்துவமனையை நிறுவியது மெத்தடிஸ்ட் சபை. பெயர் அந்தச் சபைக்கு வித்திட்ட பிரசங்கி ஜான் வெஸ்லி பிறந்த ஊருடையது. தூக்கத்தை அளக்கும் கோலுக்கு ஒரு பிரசங்கியின் பிறந்த ஊர்ப் பெயர்! இதை நினைத்து நான் தனியாகச் சிரித்ததுண்டு.

நோய் எதுவும் இல்லாதவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சனிக்கிழமை நேரத்தோடு படுங்கள். காபி குடிப்பதாக இருந்தால் ஆராதனைக்கு அரை மணி முன்னால் குடியுங்கள், கண் சொருகிய பிறகு நினைத்து என்ன பயன்? முடிந்தால் கிளம்புமுன் 15, 20 நிமிஷம் கண்ணை மூடி எழுங்கள், அதற்கு மேல் போனால் மந்தமாக இருக்கும். காற்று வரும் இடமாகப் பார்த்து உட்காருங்கள் (கீழ்த்தளத்தில்!). கையால் குறிப்பு எழுதுங்கள். எழுத்து கோழிக் கிறுக்கலாக மாறும் இடத்தில் உங்கள் மூளை சில வினாடி தூங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்வீர்கள். தாங்க முடியாவிட்டால் பின்னால் போய் நில்லுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், நினைத்தால் நினைக்கட்டும். தொடையைக் கிள்ளிக்கொள்வது வேண்டாம், தொடைதான் கன்றிப்போகும்.

போதகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள், விளக்கை மங்க வைக்காதீர்கள், ஒரே சுருதியில் பேசாதீர்கள். தயவுசெய்து தூங்குகிறவரைப் பீடத்திலிருந்து பெயர் சொல்லி எழுப்பாதீர்கள். வாராவாரம் ஒரே ஆள்தான் தூங்குகிறார் என்றால், ஆராதனை முடிந்து தனியாக, "இரவில் குறட்டை விடுவீர்களா?" என்று கேளுங்கள். ஒரு போதகர் அப்படிக் கேட்டு எனக்கு இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார், இரண்டு பேருக்கும் நோய் இருந்தது.

அதில் ஒருவர் மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவியின் முகமூடியை இரவில் போட்டுப் படுக்கத் தொடங்கிய சில மாதத்தில் வந்தார். "இப்போதெல்லாம் முழுப் பிரசங்கமும் கேட்கிறேன் டாக்டர். நீங்கள் எனக்கு நல்லது செய்தீர்களா, கெட்டது செய்தீர்களா தெரியவில்லை" என்றார். பேச்சு அதே பேச்சு, சலிப்பும் அதேதான். தூக்கம் மட்டும் இல்லை.

போன வாரம் வந்தவருக்கு இரவுத் தூக்கப் பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறேன். அது முடிந்து சிகிச்சை பலன் தரும் வரை வண்டி ஓட்டக் கூடாது என்றேன். "வீட்டுக்கு மட்டும், பக்கம்தான்" என்று ஆரம்பித்தார். சாலைத் தடுப்பும் வீட்டுக்குப் பக்கம்தானா என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்த அம்மா கையை நீட்டிச் சாவியை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.