கோடெக் என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்வது?

வீட்டு வீடியோவை டிவிடியாகப் போட உட்கார்ந்த யாரும் 'கோடெக் இல்லை' என்ற செய்தியை ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள். சத்தம் வரும், படம் வராது. இல்லையென்றால் படம் ஓடும், சத்தம் இருக்காது. உடனே எங்கிருந்தோ ஒரு கோடெக் பேக்கை, அதாவது பல கோடெக்குகளைக் கட்டிய மூட்டையை, இறக்கி நிறுவுவோம். சில சமயம் சரியாகிவிடும், சில சமயம் அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மற்ற படங்களும் சேர்ந்து மக்கர் பண்ணும். இந்தக் குழப்பத்தில் பாதி, அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று யாரும் சொல்லித் தராததால் வருவது.

கோடெக் ஒரு ஒட்டுச்சொல். கோடர், டீகோடர் என்ற இரண்டையும் வெட்டி ஒட்டியது. படத்தையோ ஒலியையோ குறியீடாக மாற்றுவது கோடர், அந்தக் குறியீட்டைத் திரும்பப் படமாகவோ ஒலியாகவோ ஆக்குவது டீகோடர். மாடுலேட்டர், டீமாடுலேட்டரை வெட்டி மோடம் செய்தார்களே, அதே வேலை. தொலைபேசித் துறையில் இது ஒரு மின்சுற்றின் பெயர். பேச்சை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக்கி அனுப்பும், எதிர்முனையிலிருந்து வரும் எண்களைத் திரும்பப் பேச்சாக்கவும் செய்யும். போவது, வருவது இரண்டையும் ஒரே சுற்று பார்த்துக்கொண்டதால்தான் ஒட்டுப்பெயர். இன்டெல் கொண்டுவந்த ஏசி97 என்ற கணினி ஒலித் தரத்தின் பெயரிலும் 'சி' என்பது கோடெக்தான், அதுவும் சில்லுதான். அப்புறம் வீடியோ மென்பொருள்கள் வந்தபோது சொல் சில்லிலிருந்து நிரலுக்கு இடம் மாறியது. இன்றைக்கு ஒரு படி மேலே போய், எச்.264 போன்ற தரங்களையே 'கோடெக்' என்று சொல்லிவிடுகிறோம். கண்டிப்பாகப் பார்த்தால் எச்.264 என்பது ஒரு விதித்தொகுப்பு; அந்த விதிப்படி கோப்பை உருவாக்கும் எக்ஸ்264 என்ற நிரல்தான் கோடர். ஆனால் பேச்சுவழக்கில் இந்த வேறுபாடு கரைந்துபோய் வெகுகாலம் ஆகிவிட்டது, அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

ஒட்டுச்சொல்லின் அடியில் இருக்கும் 'கோட்' இலத்தீனின் கோடெக்ஸிலிருந்து வந்தது. முதலில் மரத்தண்டு, பிறகு மெழுகு பூசி எழுதும் மரப்பலகை, பலகைகளைச் சேர்த்துக் கட்டிய ஏடு, அதிலிருந்து சட்டத்தொகுப்பு, கடைசியில் இரகசியக் குறியீடு என்று வந்து நிற்கிறது.

தமிழில் நமக்குக் கிடைத்திருப்பது 'குறி'. கோட் என்பதற்குக் குறியீடு, என்கோடிங் என்பதற்குக் குறியாக்கம் என்று வைத்தவர்கள் நல்ல சொல்லைத்தான் எடுத்திருக்கிறார்கள். பள்ளி இலக்கணத்தில் குழூஉக்குறி படித்தது நினைவிருக்கும். பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர்கள் ஆடையைக் 'காரை' என்பார்கள். குழுவுக்குள் இருப்பவருக்குப் பொருள் புரியும், வெளியே நிற்பவருக்குச் சொல் காதில் விழும், பொருள் விளங்காது. உங்கள் டிவிடி பிளேயர் செய்வதும் இதைத்தான். கோப்பில் இருக்கும் பைட்டுகளை அது படிக்காமல் இல்லை. அந்தக் குழுவில் அது உறுப்பினர் இல்லை, அவ்வளவே.

குறியாக்கம் என்றதும் பலருக்கு எழுத்துரு நினைவு வரும். ஒருங்குறி வருவதற்கு முன் தகுதரம், டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் தமிழ் எழுதி, மற்றவர் கணினியில் அது பூச்சி பூச்சியாகத் தெரிந்த காலம் உண்டு. அதுவும் இதுவும் ஒரே வகைச் சிக்கல்தான்: எழுதியது ஒரு குறியில், படிக்கப் பார்ப்பது வேறொரு குறியில். ஆனால் வீடியோவில் கூடுதலாக ஒன்று நடக்கிறது, சுருக்கம்.

எவ்வளவு சுருக்கம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இந்த வேலையின் கனம் தெரியும். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடியில் ஒரு சட்டகம் (ஃப்ரேம்) 720க்கு 576 புள்ளிகள், விநாடிக்கு 25 சட்டகங்கள். ஒரு புள்ளிக்குச் சராசரியாக 12 பிட் என்று வைத்தாலும் விநாடிக்கு ஏறத்தாழ 124 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு 56 ஜிபி. வட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி. படத்துக்கு டிவிடி அனுமதிக்கும் உச்ச வேகமே விநாடிக்கு 9.8 மெகாபிட்தான். ஆக, பன்னிரண்டு பங்குக்கு மேல் சுருக்காமல் படம் வட்டுக்குள் போகவே போகாது. 1974இல் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் வெளியிட்ட கொசைன் உருமாற்றக் கட்டுரை இல்லாவிட்டால் இது நடந்திருக்காது: படத்தை 8க்கு 8 கட்டங்களாக வெட்டி, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடலாம். அதற்கு மேல், டிவிடி படத்துக்கான எம்பெக்-2 என்ற தரம் இன்னொரு தந்திரம் செய்கிறது. சில சட்டகங்களை மட்டும் முழுதாக வைத்துக்கொண்டு, இடையில் வருபவற்றுக்கு 'முந்தியதிலிருந்து இது இப்படி நகர்ந்தது' என்ற குறிப்பை மட்டும் எழுதி வைக்கிறது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். குறியாக்கம் வேறு, சுருக்கம் வேறு. டிவிடியில் எல்பிசிஎம் என்ற ஒலிவகை சுருக்கமே இல்லாத குறியாக்கம். அதேபோல் குறியாக்கம் வேறு, மறையாக்கம் (என்கிரிப்ஷன், சாவி இல்லாதவர் படிக்க முடியாமல் பூட்டுவது) வேறு. செய்திகளில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள், பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். கடையில் விற்கும் திரைப்பட வட்டுகளில் இருக்கும் பூட்டு மறையாக்கம். நீங்கள் வீட்டில் போடும் வட்டில் அது இல்லை.

சரி, கோடெக் இல்லை என்ற செய்திக்கு வருவோம். ஒரு டிவிடி உருவாக மூன்று இடங்களில் இந்தச் சொல் வேலை செய்கிறது, செய்தி எந்த இடத்தில் வந்தது என்று பார்ப்பதே பாதி வைத்தியம். முதல் இடம் மூலக் கோப்பு. அதை மென்பொருளுக்குள் இழுக்கும்போதே பிடிவாதம் பிடித்தால் குறை டீகோடரில், அதாவது ஒட்டுச்சொல்லின் பின்பாதியில். இரண்டாவது இடம் மாற்றும் வேலை. பாதியில் நின்றுபோனால் முன்பாதியைச் சந்தேகப்படலாம், ஆனால் அதற்கு முன் வன்வட்டில் இடம் மிச்சம் இருக்கிறதா, மூலக் கோப்பு எப்போதும் அதே நிமிடத்தில்தான் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரே இடத்தில் நின்றால் கோப்பு அந்த இடத்தில் சேதமாகியிருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாவது இடம் பிளேயர். அதற்குள் இருக்கும் டீகோடரை நீங்கள் மாற்ற முடியாது. டிவிடி வீடியோ விதிப்படி அதற்குத் தெரிந்த படமொழி எம்பெக்-2, கூட எம்பெக்-1. ஒலியில் ஏசி-3, எல்பிசிஎம், எம்பி2 போன்ற சில, அதுவும் பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸில். எம்பி4 கோப்பைத் தரவு வட்டாக எழுதிப் போட்டுவிட்டு 'கணினியில் ஓடுகிறது, பிளேயரில் ஓடவில்லை' என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் கணினியில் எத்தனை கோடெக் பேக் நிறுவினாலும் பிளேயருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

கோடெக் பேக்கைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது: வேண்டாம். விண்டோஸில் ஒரே வேலைக்குப் பத்து டீகோடர்கள் பதிவாகியிருந்தால், அவற்றில் யாருக்கு முன்னுரிமை எண் அதிகமோ அவர் முதலில் வந்து நிற்பார், அவர் சரியான ஆள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. விஎல்சி போலத் தன் டீகோடர்களைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் மென்பொருளில் கோப்பை ஓட்டிப் பாருங்கள். அதில் ஓடினால் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு மீடியாஇன்ஃபோ என்ற நிரலில் திறந்தால் படம் எந்தக் குறியாக்கம், ஒலி எந்தக் குறியாக்கம் என்று தனித்தனியாகச் சொல்லிவிடும்.

அந்தத் தனித்தனி என்பதுதான் அடுத்த சிக்கல். ஏவிஐ, எம்பி4, எம்கேவி இவையெல்லாம் கோடெக் இல்லை, படத்தையும் ஒலியையும் ஒன்றாகப் போட்டு வைக்கும் கொள்கலன். ஒரே ஏவிஐ என்ற பின்னொட்டுக்குள் டிவ்எக்ஸும் இருக்கலாம், எக்ஸ்விட்டும் இருக்கலாம், கேமராவிலிருந்து வந்த டிவி (DV) என்ற வகையும் இருக்கலாம். உள்ளே யார் என்பதைச் சொல்ல நான்கு எழுத்துக் குறி ஒன்று உண்டு. (எக்ஸ்விட் என்பது டிவ்எக்ஸைத் திருப்பி எழுதியது, இவர்களுக்குள் இருந்த பிணக்கு பெயரிலேயே தெரியும்.) ஏவிஐ என்ற பெயரின் விரிவு ஒலி-ஒளி இடைப்பின்னல். மக்ஸிங் என்று மென்பொருளில் வருவதும் இதுதான், படத்தையும் ஒலியையும் சிறு சிறு கட்டுகளாக மாற்றி மாற்றிப் பின்னுவது. டிவிடியில் ஒவ்வொரு கட்டும் 2,048 பைட். மக்ஸிங்குக்குப் 'பின்னல்' என்றே சொல்லிவிடலாம், இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது.

கோடெக் மேல் விழும் பழிகளில் சில அதன் குற்றமே இல்லை. ஒலி மெல்ல மெல்லப் பின்தங்கி, படம் முடியும்போது உதடு அசைந்து முடிந்த பிறகு பேச்சு வருகிறதா? கைப்பேசியில் எடுத்த வீடியோவாக இருக்கும். கைப்பேசிகள் வெளிச்சத்தைப் பொறுத்து விநாடிக்கு எத்தனை சட்டகம் என்பதைக் கூட்டிக் குறைக்கும், டிவிடிக்கோ நிலையான 25 அல்லது 29.97 வேண்டும். முதலில் சட்டக வேகத்தை நிலையாக்கி ஒரு கோப்பு எடுத்துக்கொண்டு பிறகு டிவிடிக்கு மாற்றினால் தீர்ந்துவிடும். இன்னொன்று, யாராவது கை வீசினாலோ பந்து உருண்டாலோ படம் முன்னும் பின்னும் துள்ளுவது. நிற்கும் காட்சி கண்ணாடி மாதிரி இருக்கும், அசைவு வந்தவுடன் நடுங்கும். ஒரு சட்டகத்தின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக மேற்புலம், கீழ்ப்புலம் என்று இரண்டு பாதிகளாகப் பிரித்து வைப்பார்கள். டிவி (DV) வகைக் கேமராக்கள் கீழ்ப்புலத்தை முதலில் எழுதும். மென்பொருளில் மேற்புலம் முதலில் என்று இருந்தால் ஒவ்வொரு சட்டகத்திலும் பிந்தைய கணம் முந்தியும் முந்தைய கணம் பிந்தியும் காட்டப்படும். ஒரே ஒரு தேர்வை மாற்றினால் போதும், ஆனால் அந்தத் தேர்வு அமைப்புகளில் எங்கோ மூன்றாவது பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

கட்டம் கட்டமாகத் தெரிவது மட்டும் உண்மையிலேயே குறியாக்கத்தின் வேலை. 4.7 ஜிபி என்றால் 37,600 மெகாபிட். இரண்டு மணி நேரப் படத்துக்கு 7,200 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 5.2, ஒலிக்கும் மற்றவற்றுக்கும் கழித்தால் படத்துக்கு 4.8 போலக் கிடைக்கும், பார்க்க நன்றாகவே இருக்கும். நான்கு மணி நேரத்தைத் திணித்தால் பாதியாகிவிடும், அப்போது புகை, தண்ணீர், கூட்டம் வரும் காட்சிகளில் அந்த 8க்கு 8 கட்டங்கள் வெளியே தலைகாட்டும். இரண்டு வட்டாகப் போடுவதே மேல்.

தமிழ்ச் சொல் விஷயத்தில் டீகோடிங்தான் தகராறு. குறிநீக்கம் என்கிறார்கள், குறிவிலக்கம் என்கிறார்கள். நீக்கம் என்றால் அழித்துவிட்டது போல இருக்கிறது, விலக்கம் என்றால் தள்ளி வைத்தது போல இருக்கிறது. நடப்பதோ, கட்டி வைத்ததைத் திரும்ப எடுப்பது. புதிரை அவிழ்ப்பது என்று சொல்கிற மொழியில் 'குறியவிழ்ப்பு' என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. அப்படியானால் கோடருக்குக் குறியாக்கி, டீகோடருக்குக் குறியவிழ்ப்பி. இரண்டும் சேர்ந்த கோடெக்குக்கு? மோடத்துக்கு 'இணக்கி' என்று ஒரே சொல்லில் முடித்ததுபோல முடிக்க ஆசைதான். ஆனால் 'குறியவிழ்ப்பி' என்று மட்டும் எழுதினால் பாதி போய்விடுகிறது, 'குறியாக்கி' என்றால் மறுபாதி போய்விடுகிறது, இரண்டையும் சேர்த்து எழுதினால் வாக்கியத்தில் இடமே இல்லை. விதித்தொகுப்பைச் சொல்லும் இடத்தில் 'குறிமுறை' என்பது அழகாகப் பொருந்துகிறது: 'இந்தப் படம் எந்தக் குறிமுறையில் இருக்கிறது?' என்று கேட்டால் யாருக்கும் புரியும். நிரலைச் சொல்லும் இடத்தில் அந்தந்தப் பாதிக்கு உரிய சொல்லைப் போடலாம், ஏனென்றால் பிழை பார்க்கும்போது எந்தப் பாதி என்பதுதானே கேள்வி. இரண்டுக்கும் பொதுவாகச் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் கோடெக் என்றே எழுதுங்கள், வேறு சொல் வரும்வரை இருக்கட்டும்.

கூடவே வரும் சொற்களில் ஆத்தரிங் என்பதை ஆசிரியரோடு இணைத்து மொழிபெயர்த்தவை எதுவும் ஒட்டவில்லை. பட்டியல் (மெனு), அத்தியாயங்கள், படமும் ஒலியும் உள்ள விஓபி கோப்புகள், அவற்றுக்கு வழிகாட்டும் ஐஎஃப்ஓ கோப்புகள் எல்லாவற்றையும் வீடியோ டிஎஸ் (VIDEO_TS) கோப்புறைக்குள் அடுக்கும் வேலை அது, 'வட்டாக்கம்' போதும். பர்னிங் என்பதை எரித்தல் என்று எழுதினால் சிரிக்கிறார்கள். லேசர் சூட்டில் சாயப் பூச்சு உண்மையிலேயே மாறுகிறது என்றாலும் 'வட்டில் எழுது' என்பதே இயல்பாக வருகிறது. பைனலைஸ் என்ற தேர்வுக்கு 'முடித்து வை' என்று சொல்லலாம். அது தேர்வாகியிருக்கிறதா என்று மட்டும் எழுதும் முன் பாருங்கள்; முடித்து வைக்காத வட்டு எழுதிய கருவியிலேயே ஓடும், வேறு பிளேயரில் போட்டால் வட்டே இல்லை என்று சொல்லிவிடும், நீங்கள் மறுபடியும் கோடெக்கைத் திட்டுவீர்கள்.