இரண்டு அங்குலத் தண்ணீர்

மே மாதம் முழுவதும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்வந்த வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். குளியலறையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கிளம்பினோம். எங்கும் அடைப்பு இல்லை. வாஸ்து பார்ப்பவர், கழிவறை ஈசானிய மூலையில் இருப்பதுதான் காரணம், இடித்து மாற்றுங்கள் என்கிறார். வேறு காரணம் இருக்குமா?"

இருக்கிறது. எதையும் இடிக்க வேண்டாம். குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஜாலியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். சிங்க், வாஷ் பேசின், வாஷிங் மெஷின் தண்ணீர் விழும் ஓட்டை என எல்லாவற்றிலும் ஒவ்வொரு சொம்பு. ஜன்னல்களைத் திறந்து வைத்தால் அநேகமாகச் சாயங்காலத்துக்குள் நாற்றம் போய்விடும். கழிவறையை லட்சங்கள் செலவழித்துத் தென்மேற்குக்கு மாற்றினாலும், அடுத்த கோடையில் ஒரு மாதம் பூட்டி வைத்தால் இதே நாற்றம் வரும். பயந்துபோய் நிற்கும் குடும்பத்திடம் சுவரை இடிக்கச் சொல்வது எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது. ஒரு வாளித் தண்ணீரில் சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம் இது.

முதலில் நாற்றத்தின் மூலம். செப்டிக் டேங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் அடியில் தங்கும் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. சல்பேட்டுக்குப் பஞ்சமே இல்லை. பல ஊர்களில் போர் தண்ணீரிலேயே இருக்கிறது; துணி துவைக்கும் தூளில் சோடியம் சல்பேட்டை நிரப்புப் பொருளாகச் சேர்க்கிறார்கள். பாக்டீரியாக்கள் சுவாசித்து வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில் நூறு கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆகவே நாற்றம் தெரிகிறது என்றால் பெரிய ஓட்டை இருந்தாக வேண்டும் என்பதில்லை.

அந்த வாயு தினமும் உற்பத்தியாகிறது. உங்கள் குளியலறையிலிருந்து அது உருவாகும் இடம்வரை திறந்த குழாய் இருக்கிறது. அப்படியானால் ஏன் எல்லா நாளும் நாறவில்லை? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

இங்கிலாந்தில் 1596லேயே சர் ஜான் ஹாரிங்டன் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறையை வடிவமைத்துவிட்டார். ஆனால் கீழேயிருந்து வரும் நாற்றத்தை முழுமையாகத் தடுக்க அதில் வழியில்லை. 1775ல் லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு காப்புரிமை பெற்றார். குழாயைக் கீழே வளைத்து மறுபடி மேலே ஏற்றி, பிறகு இறக்கினார். அவ்வளவுதான். ஊற்றும் தண்ணீரில் கடைசிப் பகுதி அந்த வளைவில் தங்கிவிடும். அடுத்து வரும் கழிவு அதைத் தள்ளிவிட்டுப் போகும், புதுத் தண்ணீர் அந்த இடத்தில் நிற்கும். கழிவு இறங்கலாம், வாயு ஏற முடியாது. சுருள்வில் இல்லை, ரப்பர் இல்லை, தேய்ந்துபோகும் பாகம் ஒன்றுகூட இல்லை. நம் பிளம்பர்கள் நானி டிராப், பி டிராப், பாட்டில் டிராப் என்று சொல்பவை எல்லாம் இதே நீர்ப்பூட்டின் வெவ்வேறு வடிவங்கள்.

இந்தப் பூட்டின் ஆழம் பொதுவாக 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். அந்த உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் சுமார் 490 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு மெல்லிய தடுப்பு போதும் என்பதற்கு ஒரே காரணம், குழாய்க்குள் இருக்கும் காற்றும் வீட்டுக்குள் இருக்கும் காற்றும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருப்பது. அந்தச் சமநிலை குலைந்தால் பூட்டும் உடையும்.

குலைவது எப்படி என்று பார்க்க, அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்காவது மாடியில் ஒருவர் ஃப்ளஷ் செய்கிறார். செங்குத்துக் குழாயில் விழும் தண்ணீர் மொத்தமாகத் திரண்டு விழும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது குழாயின் உட்சுவரில் பரவி, சுற்றிலும் ஒரு தாளைப் போல ஒட்டிக்கொண்டு இறங்குகிறது. நடுவில் காற்று நிறைந்த இடைவெளி. சுவரின் உராய்வு தடுப்பதால் தண்ணீரின் வேகம் ஓரளவுக்கு மேல் கூடுவதில்லை. பத்தாவது மாடியிலிருந்து விழுந்தாலும் அடியில் குண்டு மாதிரி வந்து மோதாது. ஆனால் இறங்கும் தண்ணீர் நடுவிலுள்ள காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது.

இழுக்கப்பட்ட காற்றுக்கு ஈடாக மேலிருந்து காற்று வர வேண்டும். மொட்டை மாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், தலையில் தொப்பி போட்ட அந்தக் குழாய் அதற்காகத்தான். பலரும் நினைப்பதுபோல அது நாற்றம் வெளியேற மட்டும் வைத்ததல்ல, காற்று உள்ளே நுழையவும்தான். செலவை மிச்சப்படுத்த அதை வைக்காமல் விட்டாலோ, கொசு வருகிறது என்று சிமென்ட் பூசி அடைத்தாலோ, குழாய்க்குள் அழுத்தம் குறையும். காற்று எங்கே கிடைக்கும் என்று தேடும்போது இரண்டாவது மாடியில் உங்கள் வாஷ் பேசின் நீர்ப்பூட்டுத்தான் கிடைக்கும். "களக், களக்" என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டிருப்பீர்கள். உங்கள் தண்ணீரை மேல்வீட்டு ஃப்ளஷ் உறிஞ்சிக்கொண்ட சத்தம் அது.

தரைத்தளத்தில் கதையே தலைகீழ். செங்குத்துக் குழாய் படுக்கைக் குழாயாகத் திரும்பும் முழங்கையில் தண்ணீர் வேகம் குறைந்து குவிகிறது. இழுத்து வந்த காற்று போக இடமில்லாமல் நெரிசலாகி, அழுத்தம் ஏறி, அருகிலிருக்கும் நீர்ப்பூட்டைக் கீழிருந்து மேலாகத் தள்ளுகிறது. மேல்வீட்டில் குளிக்கும்போதெல்லாம் கீழ்வீட்டு ஜாலியில் குமிழி வருவது இதனால்தான். மேல்மாடிகள் உறிஞ்சலில் பூட்டை இழக்கின்றன, கீழ்த்தளம் தள்ளலில் இழக்கிறது. கொசுவுக்கு வலை கட்டுங்கள், காற்றுக் குழாயை அடைக்காதீர்கள்.

இதெல்லாம் யாரோ ஒரு கொத்தனார் ஊகித்தது அல்ல. அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகத்தில் ராய் ஹன்டர் என்ற ஆய்வாளர் கட்டடக் குழாய்களில் நீரோட்டத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, எத்தனை குளியலறைக்கு எவ்வளவு பெரிய குழாய் வேண்டும் என்று கணக்கிடும் முறையை 1940ல் வெளியிட்டார். இன்றும் பல நாடுகளின் கட்டட விதிகள் அந்தக் கணக்கின் மேல் நிற்கின்றன. மக்கள் பணத்தை ஆராய்ச்சிக்குச் செலவிடுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஓசைப்படாமல் பூட்டைக் காலி செய்யும் வழிகளும் உண்டு. ஒன்று, ஆவியாதல். வாசகியின் வீட்டில் நடந்தது அதுதான். இன்னொன்று தலைமுடி. வளைவின் மேட்டில் முடிக்கற்றையோ துடைப்பானின் நூலோ சிக்கி, ஒரு நுனி தேங்கிய தண்ணீரிலும் மறுநுனி குழாயின் அந்தப் பக்கமும் தொங்கினால், விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோலத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அந்தப் பக்கம் கடத்திவிடும். தினம் ஒரு முறையாவது தண்ணீர் விழும் இடத்தில் பாதிப்பு தெரியாது. விருந்தினர் அறைக் குளியலறையில் சில நாளிலேயே வறண்டுவிடும்.

வறண்ட பூட்டு நாற்றத்தோடு நின்றுவிடாத ஓர் இடமும் இருந்தது. 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் நோய் பரவியபோது 300க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றியது. வயிற்றுப்போக்கோடு வந்த ஒரு நோயாளியிடமிருந்து, செங்குத்துக் குழாய் வழியாகவே பல மாடிகளுக்குக் கிருமி போயிருக்கிறது என்பது விசாரணையின் முடிவு. அங்கே குளியலறைத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே பழகியதால், பல வீடுகளில் தரைப்பூட்டுகள் வறண்டிருந்தன. கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும், அது கழிவுக் குழாயிலிருந்த காற்றை நுண்துளிகளோடு உள்ளே இழுத்தது. எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஓர் அருமையான தீர்வை உருவாக்கினார்கள். குழாய்க்குள் மெல்லிய அழுத்த அலை ஒன்றை அனுப்புவார்கள். தண்ணீர் உள்ள பூட்டில் மோதித் திரும்பும் அலை ஒருவிதம், வறண்ட பூட்டிலிருந்து திரும்புவது வேறுவிதம். அலை திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்து, வறண்ட பூட்டு எங்கே இருக்கிறது என்று எந்த வீட்டுக் கதவையும் தட்டாமலே சொல்லிவிடலாம்.

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறுகள் இன்னும் எளியவை. தரை ஜாலியைத் தூக்கினால் உள்ளே கவிழ்த்து வைத்த ஒரு கிண்ணம் இருக்கும். பல மாடல்களில் அந்தக் கிண்ணம்தான் பூட்டு. தண்ணீர் மெதுவாகப் போகிறது என்று அதை எடுத்து எறிந்துவிடுகிறார்கள். சிங்க்குக்கு அடியில் மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாயை நேராகத் தரை ஓட்டையில் செருகி, சுற்றிலும் இடைவெளி விட்டுப் போய்விடுகிறார்கள். பூட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளப்பு தெரிந்தும் நாற்றம் இருந்தால், குழாய்ச் சுவரில் சோற்றுக்கஞ்சியும் மாவும் எண்ணெயும் சேர்ந்து படிந்த வழவழப்புப் படலம்தான் அநேகமாகக் காரணம். அதை பிரஷ் விட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும், வாஷிங் சோடா கரைத்த வெந்நீர் உதவும். ஆப்பசோடாவும் வினிகரும் சேர்ந்து பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சுகிறது. அந்துருண்டை நாற்றத்தின் மேல் இன்னொரு வாசனையைப் போடுகிறது, அவ்வளவே. பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். வெளிவருவது குளோரின் வாயு. ஊருக்குப் போகும்போது ஒவ்வொரு பூட்டிலும் தண்ணீர் நிரப்பி, மேலே இரண்டு கரண்டி எண்ணெய் விட்டால் ஆவியாவது வெகுவாகக் குறையும்.

ஹைட்ரஜன் சல்பைடைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அளவுக்கு அது சேர்ந்தால், சில நிமிடங்களில் மூக்கின் நரம்பு செயலிழந்து நாற்றமே தெரியாமல் போய்விடும். இன்னும் சில மடங்கு கூடினால், செப்டிக் டேங்குக்குள் இறங்கியவர் ஓரிரு மூச்சில் சுருண்டு விழுவார். காப்பாற்றப் பின்னாலேயே இறங்குபவரும் விழுவார். மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தோம், நாற்றம் இல்லை, இறங்கலாம் என்பது உயிரைப் பறிக்கும் கணக்கு. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதர்களைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதை 2013ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023ல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அப்படியும் தமிழ்நாட்டில் சாவுகள் நிற்கவில்லை. கேரளத்து இளம் பொறியாளர்கள் உருவாக்கிய பேண்டிகூட் இயந்திரம் 2018ல் திருவனந்தபுரத்தில் மனிதருக்குப் பதிலாக மேன்ஹோலுக்குள் இறங்கியது. சென்னை ஐஐடி செப்டிக் டேங்குக்கென்றே ஹோமோசெப் என்ற இயந்திரத்தை உருவாக்கியிருக்கிறது. ஒவ்வொரு பேரூராட்சிக்கும் இப்படி ஒன்று போய்ச் சேரும்வரை, இதற்கான பணத்தைச் சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டுத் தொட்டி நிரம்பினால் 14420 என்ற எண்ணை அழையுங்கள். உறிஞ்சு லாரி வரும்போது கூடவே நில்லுங்கள். அடியில் கொஞ்சம் சேறு மிச்சமிருக்கிறது, இறங்கி வழித்துவிடட்டுமா என்று யாராவது கேட்டால், வேண்டாம், சேறு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.