சுருட்டு ஏலத்தில் எவ்வளவு கேட்பது?

இணைய ஏலத் தளம் ஒன்றில் 25 சுருட்டுகள் அடங்கிய பெட்டி ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது. ஐந்து நாள்களாக அதன் விலை 40-லேயே அசையாமல் நிற்கிறது. நேரம் முடிய அரை நிமிடம் இருக்கையில் அது 58 ஆகிறது, பிறகு 71, கடைசி நொடியில் 84. இதுவரை 40 கொடுத்து முன்னணியில் இருந்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். இதை ஏமாற்று என்று அவர் நினைக்கக்கூடும். ஆனால் அந்தக் கடைசி அரை நிமிடத்தில் நடந்தவை அனைத்தும் தளத்தின் விதிகளிலிருந்து நேராகப் பிறப்பவை. அந்த விதிகளைப் புரிந்துகொண்டால் எவ்வளவு கேட்பது, எப்போது கேட்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் கணக்கின் வழியாகவே விடை கிடைக்கும். (எந்த நாணயமானாலும் கணக்கு மாறாது என்பதால் விலைகளை வெறும் எண்களாகவே தருகிறேன்.)

நேரில் நடக்கும் ஏலத்தில் ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்று ஏலம் விடுபவர் கூவிக்கொண்டே இருப்பார். எதிரில் இருப்பவர் கேட்கக் கேட்க நாமும் ஏற்றிக்கொண்டே போவோம். இணையத்தில் பல நாள்கள் நடக்கும் ஏலத்தின் முன் யாரும் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே பெரும்பாலான தளங்கள் ஒரு பதிலாளை நமக்குத் தருகின்றன. நம்மால் கொடுக்க முடிந்த அதிகபட்சத் தொகையைத் தளத்திடம் இரகசியமாகச் சொல்லிவிட வேண்டும். பிறர் கேட்கும்போதெல்லாம் அவர்களை முந்துவதற்குத் தேவையான அளவு மட்டும் தளமே நமக்காக ஏற்றிக் கேட்கும். நீங்கள் 90 என்றும் இன்னொருவர் 70 என்றும் சொல்லியிருந்தால், ஒவ்வொரு முறையும் ஏற்றும் அளவு 1 என்ற நிலையில், பெட்டி உங்களுக்கு 71-க்குக் கிடைக்கும். நீங்கள் சொன்ன 90-ஐ யாரும் உங்களிடமிருந்து வாங்குவதில்லை. விலையைத் தீர்மானிப்பவர் வென்றவர் அல்லர், அவருக்கு அடுத்தபடியாக நின்று தோற்றவர்.

இந்த அமைப்பின் தர்க்கத்தை 1961-இல் கணித முறைப்படி விளக்கியவர் பொருளியலாளர் வில்லியம் விக்ரி. அதற்காகவும் அதைச் சார்ந்த ஆய்வுகளுக்காகவும் 1996-இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் அவர் காலமானார் என்பது இன்றும் மனத்தை உறுத்தும் செய்தி. அவர் காட்டியது இதுதான்: வென்றவர் இரண்டாவது விலையைத்தான் கொடுப்பார் என்றால், தம் மனத்திலுள்ள உண்மையான மதிப்பை அப்படியே சொல்வதைவிடச் சிறந்த உத்தி எவருக்கும் இல்லை. பெட்டி உங்களுக்கு 90 பெறும் என்றால், 80 என்று குறைத்துச் சொல்வதால் நீங்கள் கொடுக்கும் விலை குறையப்போவதில்லை. அதைத் தீர்மானிப்பது எதிராளியின் தொகை. எதிராளி 85 சொல்லியிருந்தால், லாபமாகக் கிடைத்திருக்க வேண்டிய பெட்டியை இழப்பீர்கள், அவ்வளவே. 100 என்று கூட்டிச் சொன்னாலோ, எதிராளி 95 சொல்லியிருக்கும் நாளில் 90 பெறும் பொருளை 95-க்கு மேல் கொடுத்து வாங்க நேரும். இந்த முறையை விக்ரிக்கு முன்பே தபால்தலை வணிகர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்: நேரில் வர இயலாத சேகரிப்பாளர்கள் அஞ்சலில் அனுப்பிய தொகைகளை வைத்து, இரண்டாவது தொகையை ஒட்டி விலை வைக்கும் வழக்கம் 1893-இலேயே அமெரிக்காவில் இருந்தது.

அப்படியானால் முதல் நாளே உண்மையான மதிப்பைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாமே, எதற்காகக் கடைசி நொடியில் பாய்கிறார்கள்? இந்தப் புதிரை ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2002-இல் வெளியான ஆய்வில் அழகாக அவிழ்த்தார்கள். அந்நாளில் ஈபே தளத்தின் ஏலங்கள் குறித்த நொடியில் முடிந்துவிடும். அமேசான் நடத்திவந்த ஏலங்களிலோ, கடைசி 10 நிமிடங்களில் யாராவது கேட்டால் முடிவு நேரம் தானாகவே தள்ளிப்போகும். மற்றபடி இரண்டு தளங்களின் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஈபேயில் கடைசி நேரப் பாய்ச்சல் மிக அதிகமாகவும் அமேசானில் மிகக் குறைவாகவும் இருந்தது. அதிலும் ஈபேயில் அனுபவம் முதிர முதிரக் கடைசி நேரத்தில் கேட்பது கூடியது, அமேசானில் குறைந்தது. அதாவது அது பொறுமையின்மையோ தயக்கமோ அன்று, விதியைக் கற்றவர்கள் தேர்ந்தெடுத்த உத்தி.

அதன் பயன் இரண்டு வகையில் கிடைக்கிறது. பதிலாள் முறையைப் புரிந்துகொள்ளாமல், தாம் முந்தப்பட்ட ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக ஏற்றும் பழக்கம் பலரிடம் உண்டு. முன்கூட்டியே கேட்டால் அவர்களுக்கு மறுபடியும் ஏற்ற நேரம் கொடுத்தவர்களாகிறோம். இன்னொன்று, சுருட்டில் குறிப்பாகப் பொருந்துவது: விவரம் அறிந்தவர் கேட்கிறார் என்பதே ஒரு செய்தி. கியூபப் பெட்டிகளின் அடிப்பக்கத்தில் தயாரித்த ஆலையின் குறியீடும் பெட்டியில் அடைத்த மாதமும் ஆண்டும் முத்திரையிடப்பட்டிருக்கும். மங்கலான படத்தில் அந்த முத்திரையைப் படித்து, இது நன்கு முதிர்ந்த பெட்டி என்று கண்டுகொண்டவர் முதல் நாளே உயர்த்திக் கேட்டால், தம் அறிவை எல்லோருக்கும் இலவசமாகப் பகிர்ந்தவராகிறார். ஆகவே நேரம் தள்ளிப்போகாத தளத்தில் தாமதித்து ஒரே ஒரு முறை, முழுத் தொகையையும் சொல்லிவிடுவது நல்லது. நேரம் தள்ளிப்போகும் தளத்தில் காத்திருப்பதால் எதுவும் கிடைக்காது. ஈபே போன்ற பொதுத் தளங்கள் புகையிலைப் பொருள்களை அனுமதிப்பதில்லை என்பதால் சுருட்டு ஏலங்கள் தனித் தளங்களில், அந்தந்தத் தளத்தின் விதிப்படி நடக்கின்றன; ஏலம் எப்படி முடிகிறது என்ற விதியை முதலில் படிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

தொகையை முழு எண்ணாக இல்லாமல் சற்றுக் கூட்டி வைப்பதும் இந்த விதிகளிலிருந்தே வருகிறது. மனிதர்கள் 80, 90, 100 என்றே நினைக்கிறார்கள்; இரு தொகைகள் சமமாக இருந்தால் முதலில் சொன்னவருக்கே பொருள் போகும். கடைசியில் வருபவர் 80 என்பதற்குப் பதில் 80.75 என்று சொல்வது அந்தச் சமநிலையைச் செலவில்லாமல் உடைக்கிறது.

இதுவரை ‘உண்மையான மதிப்பு’ என்று எளிதாகச் சொல்லிவந்தேன். கடினமான பகுதி அதுவே. ஏலத் தொகையின் மேல் வாங்குபவர் கமிஷன் உண்டு, அனுப்பும் செலவு உண்டு, எல்லை கடந்தால் புகையிலைக்கான வரி உண்டு. பெட்டி வீடு வந்து சேரும்போது மொத்தம் 100-க்கு மேல் போகக் கூடாது என்பது உங்கள் முடிவு. கமிஷன் 15 சதவீதம், அனுப்பும் செலவு 8 என்றால், 100-இல் 8 போக 92, அதை 1.15-ஆல் வகுத்தால் 80. சொல்ல வேண்டிய தொகை 80 மட்டுமே. 100-இல் 15 சதவீதத்தைக் கழித்து 85, அதில் 8 போக 77 என்று கணக்கிடுபவர்கள் தேவையில்லாமல் 3 குறைத்துச் சொல்கிறார்கள். கமிஷன் என்பது ஏலத் தொகையின் மீது விதிக்கப்படுவது, உங்கள் உச்சவரம்பின் மீது அன்று.

அடுத்தது பெட்டியின் நிலை. சுருட்டு உயிரற்ற பொருள் என்றாலும் காற்றோடு ஈரத்தைப் பரிமாறிக்கொண்டே இருப்பது. ஏறக்குறைய 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் அதை வைத்திருக்க வேண்டும். காய்ந்துபோன சுருட்டின் மேலிலை வெடிக்கும். பிறகு ஈரம் ஏற்றினாலும் ஆவியாகிப்போன எண்ணெய்கள் திரும்பி வருவதில்லை. வெப்பம் கூடினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து ஊசித்துளைகள் விழும். இவற்றில் பாதியைக்கூடப் படம் காட்டாது. ஆகவே ஒவ்வொருவரும் பெட்டியின் மதிப்பை ஊகிக்கிறார்கள். ஊகம் சிலருக்கு மேலே போகும், சிலருக்குக் கீழே வரும். வெல்பவரோ எல்லோரையும்விட அதிகமாக ஊகித்தவர். இதைத்தான் வெற்றியாளரின் சாபம் என்கிறார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் உரிமைகளை ஏலம் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த லாபத்தைப் பெறாமல் போனதற்கு இதுவே காரணம் என்று கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று பெட்ரோலியப் பொறியாளர்கள் 1971-இல் எழுதினார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதன் கடுமை விளங்கும். பெட்டியின் மெய்யான மதிப்பு எல்லோருக்கும் 100 என்றும், ஒவ்வொருவரின் ஊகமும் 80-க்கும் 120-க்கும் இடையில் எங்கும் சமவாய்ப்புடன் விழலாம் என்றும் கொள்வோம். மூன்று பேர் தத்தம் ஊகத்தையே கேட்டால், இரண்டாவது பெரிய ஊகம் சராசரியாக 100; வென்றவர் சரியான விலையைக் கொடுக்கிறார். ஒன்பது பேர் கேட்டால் இரண்டாவது பெரிய ஊகம் சராசரியாக 112 ஆகிவிடுகிறது. பொருள் மாறவில்லை, எவருடைய ஊகமும் மோசமாகவில்லை. கூட்டம் கூடியதாலேயே வென்றவருக்கு 12 நட்டம். கூட்டத்தைக் கண்டால் விலையை ஏற்றத் தோன்றுவது மனித இயல்பு. ஆனால் நிலை தெரியாத பழைய பெட்டிக்குக் கூட்டம் கூடும்போது நம் தொகையைக் குறைக்க வேண்டும் என்பதே கணக்கின் தீர்ப்பு. புதிதாக ஆலையிலிருந்து வந்த, எல்லோரும் புகைத்தறிந்த வகையானால் ஊகத்துக்கு இடமில்லை, சாபமும் இல்லை.

பலரும் கவனிக்காத இன்னொரு கழித்தல் இருக்கிறது. என் பார்வையில் இதுவே மற்றெல்லாவற்றையும்விடப் பெரியது. விக்ரியின் வாதம் ஒரே ஒரு ஏலத்துக்கானது. சுருட்டோ அடுத்த வாரமும் வரும். இன்று தோற்றால் கையில் எஞ்சுவது வெறுமை அன்று, அடுத்த ஏலத்தில் கலந்துகொள்ளும் வாய்ப்பு. அந்த வாய்ப்புக்கும் ஒரு விலை உண்டு. பெட்டி உங்களுக்கு 100 பெறும். அடுத்த வாரம் வெல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, வென்றால் சராசரியாக 76 கொடுப்பீர்கள் என்றால், காத்திருப்பதன் மதிப்பு 24-இல் பாதி, அதாவது 12. எனவே இன்றைய உச்சத் தொகை 100 அன்று, 88. வாரந்தோறும் வரும் வகைக்கு இந்தக் கழிவு இன்னும் கூடும். தயாரிப்பு நின்றுபோன அரிய வகைக்கு அது சுழியை நெருங்கும். பொருளியலாளர் ஓர்லி ஆஷன்ஃபெல்டர் மது ஏலங்களை ஆராய்ந்து 1989-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அருகில் வருகிறது: ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாக விற்கப்பட்ட ஒரே மாதிரியான மதுப் பெட்டிகளின் விலை, பின்னால் வரவர ஏறியதைவிட இறங்கியதே அதிகம். முதல் பெட்டியை எடுக்கத் துடிப்பவர்கள் அவசரத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார்கள். தளத்தில் முடிந்துபோன ஏலங்களின் விலைகள் பெரும்பாலும் பார்வைக்கு இருக்கும். அவற்றில் இரண்டு மாதத்துக்கானவற்றை எழுதி வைத்தாலே 76 என்பது போன்ற ஒரு சராசரி நமக்குக் கிடைத்துவிடும்.

ஒரே வகையில் பத்துச் சுருட்டுக் கட்டுகளை ஒரே ஏலத்தில் வைத்து, மிக உயர்ந்த பத்துத் தொகைகளுக்கும் அவற்றுள் மிகக் குறைந்ததையே பொது விலையாக்கும் முறையும் சில இடங்களில் உண்டு. ஒரு கட்டு மட்டும் வேண்டுபவர் ஏறத்தாழ உண்மையைச் சொல்லலாம். மூன்று வேண்டுபவரின் நிலை வேறு: மூன்றாவது கட்டுக்கு அவர் சொல்லும் தொகையே பத்தாவது இடத்தில் நின்று, அவருடைய முதல் இரண்டு கட்டுகளின் விலையையும் தூக்கிவிடக்கூடும். முதல் கட்டுக்கு முழு மதிப்பையும் சொல்லி, இரண்டாவதுக்குக் கொஞ்சமும் மூன்றாவதுக்கு அதைவிடக் கூடுதலாகவும் குறைத்துச் சொல்வது அவருக்கு நல்லது. எவ்வளவு குறைப்பது என்பது பத்தாவது இடத்தைச் சுற்றி எத்தனை தொகைகள் நெருங்கி நிற்கின்றன என்பதைப் பொறுத்தது; நெருக்கம் கூடக்கூடத் தன் தொகையே விலையாகும் வாய்ப்பு குறைகிறது, குறைத்துச் சொல்ல வேண்டிய தேவையும் குறைகிறது.