ஹோஸ்டிங்: விலைப்பட்டியலில் தெரியாதவை

வணிகத்துக்கோ பள்ளிக்கோ புதிதாக வலைத்தளம் தொடங்குகிறவர்கள், தளத்தைத் தன் சர்வரில் வைத்து இயக்கித் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தைப் பெரும்பாலும் இரண்டு வழிகளில் முடிவு செய்கிறார்கள். ஒன்று, தேடலில் முதலில் வந்து நிற்கும் ‘சிறந்த பத்து நிறுவனங்கள்’ என்ற வகைப் பட்டியல். மற்றொன்று, தளத்தை வடிவமைத்துத் தருபவரின் பரிந்துரை. அப்பட்டியல்களில் பல, வாசகர் அந்த இணைப்பின் வழியே வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் கிடைக்கும் ஏற்பாட்டில் இயங்குபவை. தனித்தனிப் போட்டியாளர்களைப் போல ஒப்பிடப்படும் புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர், பிக்ராக் மூன்றும் நியூஃபோல்டு டிஜிட்டல் என்ற ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை என்பதை அப்பட்டியல்களில் பல சொல்வதே இல்லை.

விலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் மாதத் தொகை, மூன்று நான்கு ஆண்டுகளுக்கான பணத்தை ஒரே தவணையில் கட்டினால் மட்டுமே கிடைப்பது; ரினியூவலின்போது அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆவது வழக்கம்; 18 சதவீத ஜிஎஸ்டியும் பல இடங்களில் கடைசிப் பக்கத்தில்தான் தெரியவரும். ரினியூவல் விலையை வைத்துக் கணக்கிட்டால் போதும். தளத்துக்கும் வாசகருக்கும் இடையே போகும் தகவலை மறையாக்கம் செய்ய உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்கென்று தனியாகச் சில ஆயிரம் கேட்கும் நிறுவனத்தை மட்டும் யோசித்து அணுக வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 இறுதியிலிருந்து அதை இலவசமாகவே வழங்கி வருகிறது, சாதாரணத் தளங்களுக்கு அது தாராளமாகப் போதும்.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரைப் பல நூறு கணக்குகள் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் ஒவ்வொரு கணக்குக்கும் நினைவகம், சிபியு, ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய செயல்கள், மொத்தக் கோப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு உச்சவரம்பு இருந்தே தீரும். எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக்கடையின் தளம், தீபாவளித் தள்ளுபடியை அறிவித்த மாலையில், ‘508 ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்டு’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிட்டது. “அன்லிமிடெட்னு போட்டுத்தானே சார் வாங்கினோம்?” என்று கடைக்காரர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சொல் வட்டில் உள்ள இடத்தைக் குறித்ததேயன்றி, ஒரே நேரத்தில் எத்தனை பேர் கடைக்குள் நுழையலாம் என்பதைக் குறிக்கவில்லை. ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனல் பக்கத்தில், ஒரே நேரத்தில் கையாளப்படும் கோரிக்கைகளைக் காட்டும் ‘என்ட்ரி புராசஸ்’ என்ற வரிக்கு நேரே 20/20 என்று சிவப்பில் இருந்தது. அதே பக்கத்தில் ‘ஐநோட்’ என்ற கோப்பு எண்ணிக்கையும் எல்லையை நெருங்கியிருந்தது. வருடக்கணக்கில் அழிக்கப்படாத மின்னஞ்சல்கள் ஒவ்வொன்றும் ஒரு கோப்பாகக் கணக்கில் ஏறியதே அதற்குக் காரணம். இந்த எண்களை விற்பனைப் பக்கத்தில் தேடிப் பயனில்லை, சேவை விதிமுறைகளுக்குள் இருக்கும். அங்கும் இல்லையென்றால் எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டும்.

தளம் இயங்கிக்கொண்டிருக்கும் நேரத்தைக் குறிக்கும் ‘99.9 சதவீத அப்டைம்’ என்ற வாக்குறுதியும் இதைப் போன்றதே. மாதத்துக்குச் சுமார் 43 நிமிடம் தளம் முடங்கினாலும் அந்த வாக்குறுதி மீறப்பட்டதாகாது. முன்னறிவிப்போடு செய்யும் பராமரிப்பு நேரம் பொதுவாக இதில் சேராது. மீறினாலும் கிடைப்பது பெரும்பாலும் மாதக் கட்டணத்தில் ஒரு பகுதிக் கழிவுதான், இழந்த வியாபாரத்துக்கான ஈடு அன்று.

பேக்கப் விஷயத்தில் எந்த வாக்குறுதியையும் அப்படியே ஏற்க வேண்டாம் என்றே சொல்வேன். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் எரிந்து அழிந்தபோது, ஏராளமான தளங்கள் ஒரே இரவில் முடங்கின. பேக்கப்புக்கெனப் பணம் கட்டியிருந்த வாடிக்கையாளர் ஒருவரின் நகல்களும் அசல் இருந்த அதே இடத்தில் வைக்கப்பட்டு, அசலோடு அழிந்துபோயின. அவர் தொடுத்த வழக்கில் 2023-இல் பிரெஞ்சு வணிக நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஆகவே, நகல் எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை நாள் வரை பின்னோக்கிச் செல்லலாம், அதை நாமே இறக்கிக்கொள்ள முடியுமா, மீட்டெடுக்கத் தனிக் கட்டணம் உண்டா என்ற நான்கையும் கேட்டு, அதன் பிறகும் மாதமொரு முறை ஒரு நகலை நம் கணினியில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விட நம் ஊரில் அதிகச் சேதம் விளைவிப்பது டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர், யார் பெயரில் இருக்கிறது என்பதே. வடிவமைப்பாளர் மறுவிற்பனைக்கான தம் ரீசெல்லர் கணக்கிலேயே ஹோஸ்டிங்கையும் டொமைனையும் வாங்கி, வாடிக்கையாளருக்கு ஆண்டுக்கொரு பில் மட்டும் அனுப்புவது இங்கே சாதாரணம். பெரும்பாலும் அதில் கெட்ட எண்ணம் ஏதும் இருப்பதில்லை. ஆனால் அவர் தொழிலை மாற்றினாலோ தொலைபேசியை எடுக்காமல் போனாலோ, ரினியூவல் நினைவூட்டல் அவருடைய மின்னஞ்சலுக்கே போய்க் கிடக்கும். டாட் காம் போன்ற பெயர்கள் காலாவதியாகி நீக்கப்பட்டால், 30 நாள் மீட்புக் காலத்துக்குள் கூடுதல் அபராதம் கட்டித்தான் திரும்பப் பெற முடியும். அதுவும் தவறினால் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சாகிவிட்ட முகவரி அது. டொமைன் கணக்கை உரிமையாளரே தம் மின்னஞ்சலில், தம் கைப்பேசி எண்ணில் திறந்து, பதிவுதாரர் பெயர் தம்முடையதா என்று உள்ளே சென்று பார்க்க வேண்டும். முடிந்தால் டொமைன் ஒரு நிறுவனத்திலும் ஹோஸ்டிங் வேறொன்றிலும் இருக்கட்டும். ஹோஸ்டிங் பிடிக்காதபோது டொமைன் எந்த இடத்தைக் காட்ட வேண்டும் என்பதைச் சொல்லும் நேம்சர்வரை மாற்றிவிட்டு வெளியேறலாம்.

மின்னஞ்சலையும் அப்படிப் பிரித்து வைப்பதையே விரும்புகிறேன். பகிர்ந்த சர்வரில் யாரோ ஒருவர் ஸ்பாம் அனுப்பினால், அதே ஐபி முகவரியிலிருந்து போகும் நம் கொட்டேஷனும் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டிக்குள் விழக்கூடும். சர்வர் இருக்கும் இடத்தைப் பொறுத்தவரை, வாசகர்கள் தமிழ்நாட்டில் இருந்தால் சென்னையோ மும்பையோ போதும். சர்வர் அமெரிக்காவில் இருந்தால் ஒவ்வொரு முறை போய்வருவதற்கும் 200 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். படங்களின் நகலை வாசகருக்கு அருகிலுள்ள சர்வர்களிலிருந்து தரும் சிடிஎன் அவற்றை வேகப்படுத்தும், ஆனால் ஆர்டர் எடுக்கும் பக்கம் அமெரிக்க சர்வருக்குப் போய்த்தான் வர வேண்டும்.

முதலில் ஒரு மாதத்துக்கோ, பணம் திரும்பக் கிடைக்கும் காலத்துக்குள் முடிவெடுக்கும்படியோ வாங்கிப் பார்க்கலாம். டொமைன் கட்டணம் மட்டும் பொதுவாகத் திரும்ப வராது. அந்த நாட்களில் தளத்தின் நகல் ஒன்றை ஏற்றி, வேண்டுமென்றே அதை அழித்துவிட்டு பேக்கப்பிலிருந்து மீட்கச் சொல்லுங்கள். தளத்தை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் எந்தப் பதிப்புகள் உள்ளன, எத்தனை என்ட்ரி புராசஸ் தருகிறீர்கள் என்று ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு ஆதரவுப் பிரிவுக்கு எழுதுங்கள். கேள்விக்குப் பதில் வராமல் ‘மேம்பட்ட திட்டத்துக்கு மாறுங்கள்’ என்ற இணைப்பு மட்டும் வந்தால், பணத்தைத் திரும்பக் கேட்டு அன்றே விண்ணப்பித்துவிடலாம்.